கம்பி தூக்கும்போது மின்சாரம் தாக்கிக் கை போனால்: இழப்பீடு யாரிடம், எவ்வளவு, எப்படி?

கேள்வி: பாபநாசம் வட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்கு 30 வயது, கம்பி கட்டும் வேலை. 2025 ஜூலையில் ஒரு வீட்டின் மாடிக்குக் கம்பி ஏற்றும்போது, வீட்டை ஒட்டிப் போகும் ஹெச்.டி. லைனில் (உயரழுத்த மின்கம்பியில்) கம்பி பட்டு ஷாக் அடித்துவிட்டது. தஞ்சாவூர் மெடிக்கலில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வைத்தியச் செலவுக்கு 80,000 ரூபாய் கொடுத்த கான்ட்ராக்டர், இப்போது 1,50,000 தருகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். "அவன் பார்க்காமல் தூக்கினான், தப்பு அவன் மேல். இல்லாவிட்டால் ஈ.பி. மேல்" என்பது அவர் பேச்சு. ஊர்ப் பெரியவர்களும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

தம்பி, கையெழுத்துப் போட வேண்டாம். அண்ணனுக்குச் சட்டப்படி சேர வேண்டியது பத்து லட்சத்துக்கும் மேல். அதை 1,50,000-க்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். கேஸ் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், கையில் வருவதை விடாதே என்பது அவர்கள் பார்த்துப் பழகிய நியாயம். ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அதே பெரியவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

முதலில் எந்தச் சட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010 முதல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. விபத்து நடந்த நாளில்தான் உரிமை பிறக்கிறது. அண்ணனின் விபத்து ஜூலையில் நடந்ததால் அவருக்குப் பழைய சட்டமே பேசும். கீழே நான் சொல்வதெல்லாம் அதன்படிதான்.

"தப்பு அவன் மேல்" என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கும். யார் கவனக்குறைவு என்று பார்க்காது. விதிவிலக்கு மிகக் குறைவு: குடித்திருந்தது, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றிப்போட்டது. உயிர் போனாலும் நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலும் அந்த விதிவிலக்குகள்கூடச் செல்லாது. கம்பியைத் தலைக்கு மேல் பார்க்காமல் நிமிர்த்தினார் என்பது வேலைக்களத்தில் எவருக்கும் நேரும் அசதி. அதற்காக ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது.

அந்த அசதி எப்படி வருகிறது என்பதையும் வெளியாட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முழுக் கம்பி 40 அடி நீளம் வரும். நம் ஊர்த் தெருக்களில் கம்பியைப் படுக்கவைத்து மாடிக்கு ஏற்ற இடம் கிடையாது. கீழே ஒருவர் முனையைப் பிடித்து நிமிர்த்த, மேலே ஒருவர் எட்டிப் பிடித்து இழுப்பார். நிமிரும் அந்த ஒரு நொடியில் மேல்முனை ஒரு வீச்சு வீசும். 11,000 வோல்ட் லைன் அங்கே இருந்தால் கதை முடிந்தது. லைன் போட்ட காலத்தில் கீழே இருந்தது ஓட்டு வீடு. ரோடு மேல் ரோடு போட்டுத் தரை உயர்ந்தது, ஓட்டு வீடு மாடி வீடானது, லைன் மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை நம் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். 11,000 வோல்ட் லைனுக்கும் கட்டடத்துக்கும் நடுவே பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்வாட்டில் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. லைன் அருகே கட்டுவதென்றால் வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது கட்டுபவர், கம்பி கட்ட வந்தவர் அல்ல.

இப்போது கணக்கு. மாதக் கூலி எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரி 3 முதல் இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய். மாதம் 26 நாளுக்கு நாள் கூலி 600 என்று காட்டினாலே அந்த வரம்பு தொட்டுவிடும். கம்பி வேலைக்காரருக்கு அதைக் காட்டுவது கஷ்டமில்லை. முழு ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 சதவீதம், அதாவது 9,000. இதை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 30 வயதுக்கு அது 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். வயது ஏற ஏற அந்த எண் இறங்கும், 40-க்கு 184.17, 50-க்கு 153.09. (இறப்பு என்றால் 60-க்குப் பதில் 50 சதவீதம். அண்ணன் வயதில் ஒருவர் இறந்திருந்தால் குடும்பத்துக்கு 15,59,850.)

கை போனதைச் சட்டத்தின் முதல் அட்டவணை முழு ஊனம் என்று சொல்வதில்லை, பகுதி ஊனம் என்றுதான் சொல்கிறது. முழங்கை எலும்பு நுனியிலிருந்து 11.43 சென்டிமீட்டருக்குக் கீழே வெட்டியிருந்தால் 60 சதவீதம். அதைவிட மேலே வெட்டியிருந்தால் 70. பணத்தில் இது 11,23,092-க்கும் 13,10,274-க்கும் உள்ள வித்தியாசம். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் "முழங்கைக்குக் கீழே எடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் போதாது. மீதியுள்ள கை எத்தனை சென்டிமீட்டர் என்று சர்ஜரி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நாலரை அங்குலக் கணக்கில் இரண்டு லட்சம் நிற்கிறது.

அத்தோடு நிற்காதீர்கள், முழு ஊனத்துக்கே கேளுங்கள். பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபாதா என்ற வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. திரையரங்கு ஒன்றில் வேலை பார்த்த தச்சர் விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தவர். தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியாது, ஆகவே அது அவருக்கு முழு ஊனம் என்றது நீதிமன்றம். கம்பி வேலை மட்டும் ஒற்றைக் கையால் நடக்குமா? கட்டுக்கம்பியை மடித்துப் போட்டுப் பிடிக்க ஒரு கை, கொக்கியால் முறுக்க ஒரு கை. அதுவும் அண்ணனுக்குப் போனது வலது கை. "வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார். விபத்தன்று அவர் என்ன வேலை செய்ய வல்லவராக இருந்தார், அந்த வேலை இனி முடியுமா என்பதே கேள்வி. கூட வேலை பார்த்த ஒருவரை சாட்சிக் கூண்டில் ஏற்றி, கம்பி எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைக் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். பத்துப் பக்க வாதத்தைவிட அது வலுவானது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. கார்டில் இருக்கும் சதவீதத்தை இந்தக் கணக்கில் அப்படியே போட விடாதீர்கள்.

கான்ட்ராக்டர் கொடுத்த 80,000-ஐ இழப்பீட்டில் கழிக்க முடியாது. வைத்தியத்துக்காகக் கொடுத்தது இழப்பீடு ஆகாது என்று சட்டமே விளக்கம் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் உங்கள் கையிலிருந்து மருந்துக்கும் ஸ்கேனுக்கும் போன பணத்தையும் பில் வைத்துக் கேட்கலாம், உண்மையான செலவு முழுதும் தர வேண்டும். வட்டியும் உண்டு. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுபட வேண்டியதாகிவிடுகிறது என்பது மேலே சொன்ன தீர்ப்பின் இன்னொரு பாதி. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி. 18,71,820-க்கு அது வருஷம் சுமார் 2,24,600 ரூபாய். அவர் தருகிறேன் என்கிற தொகை ஒரு வருஷ வட்டிக்கே காணாது. நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி அசலையும் வட்டியையும் ஏற்கும். இந்த அபராதம் முதலாளியின் சொந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். பேச்சுவார்த்தையில் இதைச் சொன்னால் குரல் மாறும்.

பத்திரத்தில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்கும் சொல்கிறேன். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. இழப்பீட்டுத் தொகையைப் பேசி முடித்த ஒப்பந்தமானால் அதைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது, ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியது என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவே செய்யாமல் விட்டால் முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பு, கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறு விதமாக உத்தரவிட்டாலொழிய. இறப்பு வழக்கில் கேள்வியே இல்லை: பணத்தை ஆணையரிடம் கட்டினால்தான் கட்டியதாகும், துக்க வீட்டில் வைத்துக் கொடுத்தது கணக்கில் வராது. முன்பணமாக மூன்று மாதக் கூலி வரை கொடுத்ததை மட்டும் கழிக்கலாம்.

யாரிடம் கேட்பது? உங்கள் கடிதத்தில் இரண்டு பேர் தெரிகிறார்கள், கான்ட்ராக்டரும் வீட்டுக்காரரும். நடுவில் டன் கணக்கில் கூலி பேசி ஆள் கூட்டிவந்த கம்பி மேஸ்திரி ஒருவரும் இருப்பார் என்று நினைக்கிறேன். சனிக்கிழமைக் கூலி கொடுத்தது மேஸ்திரி என்பதால் "எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை" என்று கான்ட்ராக்டர் நாளை சொல்வார். கட்டடம் கட்டுவதே தொழிலாக உள்ளவர், அதில் ஒரு பகுதியை இன்னொருவரிடம் விட்டாலும் பொறுப்பு அவருடையதுதான் என்பது சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அவர் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மேஸ்திரியிடம் வசூலிக்கட்டும். குடியிருக்க வீடு கட்டுபவர் கட்டுமானத்தைத் தொழிலாகச் செய்பவர் அல்ல, ஆகவே அந்தப் பிரிவு அவரைப் பிடிக்காது. அவரே நேரடியாக ஆள் வைத்துக் கூலி கொடுத்து வேலை வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. யார் எதைச் செய்தார் என்பது விசாரணையில்தான் வெளியே வரும், ஆகவே மனுவில் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசி உண்டா என்று கேட்டு, இருந்தால் அந்தக் கம்பெனியையும் சேருங்கள். அண்ணனுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு இருந்திருந்தால் மட்டும் இந்த வழி கிடையாது, அங்கேதான் போக வேண்டும்.

டெல்டாவில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று: "அவன் விவசாயக் கூலி. வயலில் வேலை இல்லாத நேரத்தில் நாலு நாள் வேலைக்கு வந்தவன், என் ஆளே இல்லை." மேட்டூர்த் தண்ணீரைப் பார்த்து வயலுக்கும் சித்தாள் வேலைக்கும் மாறி மாறிப் போகும் ஆயிரக்கணக்கானவர்களை இப்படித்தான் விரட்டுகிறார்கள். தற்காலிக வேலையாள் என்ற விலக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. முதல் நாள் வேலைக்கு வந்து முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் உரிமை உண்டு.

ஈ.பி. மேல் தப்பு என்பது கான்ட்ராக்டரைக் காப்பாற்றாது. வெளியார் ஒருவர் காரணம் என்றால், உங்களுக்குக் கொடுத்த தொகையை அவரிடம் திரும்பக் கேட்கக் கான்ட்ராக்டருக்கு 13-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அறுந்து விழுந்த மின்கம்பியால் இறந்தவர் வழக்கில் மின்வாரியம் தவறு செய்ததா இல்லையா என்று பார்க்காமலே பொறுப்பு என்று 2002-இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் உங்கள் வழக்கில் மின்கம்பி அறுந்து விழவில்லை, அண்ணன் தூக்கிய கட்டுமானக் கம்பி போய்ப் பட்டது. அந்தப் பாதையில் இறங்கி வருஷங்களை விடுவதைவிட ஆணையர் முன் போவதே உங்களுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று: கான்ட்ராக்டர் மேல் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு வழக்குப் போட்டுவிட்டால் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது. யாராவது அப்படி யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

சாட்சியத்துக்கு வருவோம். பல வழக்குகள் தோற்பது இங்கேதான், அதுவும் முதல் நாளிலேயே. அரசு ஆஸ்பத்திரியில் அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று விவரம் சொல்வது பெரும்பாலும் மேஸ்திரி. அடிபட்டவருக்கு நினைவிருக்காது, மனைவி இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். "வீட்டில் மோட்டார் சுவிட்ச் போடும்போது ஷாக் அடிச்சிருச்சு" என்று மேஸ்திரி சொல்வார். டூட்டி டாக்டர் அதையே எழுதுவார். அந்த ஒரு வரியை வைத்து விபத்து வேலைக்களத்தில் நடக்கவே இல்லை என்று பிறகு வாதாடுவார்கள். அண்ணனின் ஏ.ஆர். காப்பியை உடனே வாங்கி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். உடம்பே சாட்சி சொல்லும். வீட்டு 230 வோல்ட்டில் கை எடுக்கும் அளவுக்குத் தசை வெந்துபோவது அபூர்வம். கையில் நுழைந்து காலில் வெளியேறிய இரண்டு காயங்களையும் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருப்பார்.

இன்னொரு நல்ல சாட்சி துணைமின் நிலையத்தில் இருக்கிறது. ஹெச்.டி. லைனில் கம்பி பட்டால் அந்தப் பீடர் (அந்த லைனுக்கு மின்சாரம் தரும் தடம்) டிரிப் ஆகும், அதாவது தானே துண்டித்துக்கொள்ளும், எத்தனை மணிக்கு என்று லாக் புத்தகத்தில் எழுதுவார்கள். உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு அந்தத் தேதிப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட விபத்தை மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் விசாரித்து அறிக்கை தருவார். விசாரணை நடந்ததா என்று கேட்டு, அறிக்கை இருந்தால் அதையும் வாங்குங்கள். போலீஸில் எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் நகல், போடாவிட்டால் இப்போதாவது புகார் கொடுத்து ரசீது. அட்டெண்டன்ஸ் புத்தகம் கிடைக்காது, அதற்காகக் கவலைப்படாதீர்கள். மேஸ்திரி ஜிபேயில் அனுப்பிய வாரக் கூலி, "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவு, மாடியில் எடுத்த போட்டோ இவையே போதும். அண்ணனின் போனை மாற்றிவிடாதீர்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. மின்சாரக் காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே எலும்பை ஒட்டிய தசை வரை எரித்திருக்கும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும், அடிபட்டவரின் சிறுநீர் தேநீர் நிறத்தில் வருவது அதனால்தான். நரம்பு வலி, மரத்துப்போதல் மெல்லத் தலைகாட்டும். உயரழுத்த ஷாக் பட்டவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துக்கூடக் கண்புரை வருவதுண்டு. ஆகவே அண்ணனுக்குக் கண் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் செய்து ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அவசரமாகப் பேசி முடித்தால் பின்னால் வரும் ஊனத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வீட்டுக் கரன்ட்டில் ஈரக் கையோடு இறந்தவர் உடம்பில் காயமே தெரியாமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் கான்கிரீட் வைப்ரேட்டர் ஒயரை மிதித்து விழுந்தவரை "மாரடைப்பு" என்று எரித்துவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. எவ்வளவு மனக் கஷ்டமானாலும் போஸ்ட்மார்ட்டம் வேண்டும்.

மனு போடுவது தொழிலாளர் துறையில். இழப்பீட்டு ஆணையராக இருப்பவர் அந்தத் துறையின் இணை அல்லது துணை ஆணையர் நிலை அதிகாரி. உங்கள் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் எந்த ஊர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, தொழிலாளியோ குடும்பமோ குடியிருக்கும் ஊரிலும் போடலாம். தஞ்சாவூர், கும்பகோணம் வேலைக்களங்களில் இருக்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லித்தராத உரிமை. அவர்கள் பக்கத்து அறையில் இருந்தால் சொல்லுங்கள். கால அவகாசம் விபத்திலிருந்து இரண்டு வருஷம். உங்களுக்கு 2027 ஜூலை வரை. ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதற்குள் திருப்பூர், கேரளா என்று போய்விடுவார்கள், ஆகவே இந்த மாதமே போடுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதைவிட அதிகம் ஆகும். அந்த இடைவெளியில் சும்மா இருக்க வேண்டியதில்லை. தற்காலிக ஊனத்தால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை கூலியில் 25 சதவீதம், அதாவது 3,750 ரூபாய் கேட்கலாம். தான் ஒப்புக்கொள்ளும் அளவுத் தொகையை முதலாளி உடனே கட்ட வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. தீர்ப்பு வந்த பின் கான்ட்ராக்டர் உயர் நீதிமன்றத்துக்கு (தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை) அப்பீல் போவதானால் முழுத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். கட்டாவிட்டால் நிலவரி பாக்கிபோல அவர் சொத்திலிருந்து வசூலிக்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து பலர் 1,50,000-ஐ வாங்கிக்கொள்கிறார்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். வரும் தொகையில் பங்கு கேட்கும் யாரிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அண்ணன் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? இருந்தால் ஊன உதவித்தொகைக்கு அங்கேயும் தனியாக மனுப் போடுங்கள். கட்டட மதிப்பில் வசூலாகும் 1 சதவீத நிதியிலிருந்து வரும் பணம் அது. கான்ட்ராக்டரின் கடமையை அது எந்த வகையிலும் குறைக்காது.

இதெல்லாம் செய்தால் இந்தப் பக்கத்தில் வேறு மேஸ்திரிகள் உங்களை வேலைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். ஒரு சிலர் முகம் திருப்புவார்கள், அது உண்மை. அதற்கு ஒரு வழி, முதலில் சண்டையாகப் போகாமல் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புவது. விபத்து நடந்த தேதி, இடம், வேலை, இழந்த கை, கேட்கும் தொகை என்று நாலு வரி போதும். பாலிசி எடுத்திருந்தால் அதை இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும்படி அவரிடமே மரியாதையாகச் சொல்லுங்கள். பாலிசி வைத்திருக்கும் கான்ட்ராக்டருக்கு உங்களோடு மோத வேண்டிய அவசியமே இல்லை. பேசித் தீர்க்க அவர் வந்தால் அந்தப் பேச்சை ஆணையர் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பணமும் அங்கேயே வந்து சேரட்டும்.